பின்பனி முடியும் முன் கீழக்கரை: ஒரு கல்லூரி ஊருக்குப் பயணம் திட்டமிடும் விதம்

இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று பெரும்பொழுதுகளை வகுத்த இலக்கணம் சொல்கிறது. இராமநாதபுரம் கடற்கரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சித்திரை பிறந்துவிட்டால் இங்கே மணல் காலைச் சுடும். கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். கல்லூரிகளில் தேர்வு மணியைத் தவிர வேறு ஓசை கேட்காது. ஊர் கலகலப்பாகவும் கடல் தெளிவாகவும் இருக்கும் பருவம் அதற்கு முந்திய பின்பனிக் காலமாகிய மாசியும் பங்குனியும்தான். அப்போது முண்டு மிளகாயைப் பறித்துக் களங்களிலும் சாலையோரத்திலும் சிவப்பு விரிப்பைப் போலக் காயப் போட்டிருப்பார்கள். பனையில் பாளை சீவும் வேலை தொடங்கியிருக்கும். இந்த மாவட்டத்தில் வசந்தம் வந்ததற்குப் பூக்களைவிட இவ்விரண்டுமே நம்பத்தகுந்த அடையாளங்கள்.

இராமநாதபுரம் கடற்கரை என்றவுடன் பெரும்பாலோர் இராமேசுவரத்துக்குச் சீட்டு எடுக்கிறார்கள். கோயிலுக்குச் செல்பவருக்கு அது சரியே. ஆனால் மாணவர் கூட்டம், மாலை நேரத் தேநீர்க் கடை, பழைய தெருக்கள், கடல் ஆகிய நான்கும் நடந்து சென்றே பார்க்கும் தொலைவில் அமைந்த ஊர் வேண்டும் என்றால், இராமநாதபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் இருக்கும் கீழக்கரையைத்தான் நான் சொல்வேன். 1984-இல் தொடங்கப்பட்ட முகமது சதக் பொறியியல் கல்லூரியும், 1988-இல் தொடங்கப்பட்ட தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும், இவற்றோடு ஒரு பாலிடெக்னிக்கும் செய்யது ஹமீதா கலை அறிவியல் கல்லூரியும் இந்தச் சிறிய நகராட்சியை ஒட்டியே இயங்குகின்றன. சுற்றியுள்ள சிற்றூர்களின் பிள்ளைகள் காலையில் பேருந்துகளில் வந்து இறங்குவதும் மாலையில் கலைவதுமாக ஊருக்கு ஒரு தனித் தாளம் உண்டு. அந்தத் தாளம் எந்த வாரத்தில் கேட்கும், எந்த வாரத்தில் கேட்காது என்பதை அறிந்து நாள் குறிப்பதே இந்தப் பயணத்தின் முக்கால் பங்கு வேலை.

நாள் குறிப்பது

நான் முதன்முறை நண்பர்களோடு சென்றபோது இதை அறியாமல் சித்திரை மூன்றாம் வாரத்தில் போய் இறங்கினேன். கல்லூரி வாசலில் காவலரைத் தவிர எவருமில்லை. மீன் கடையில் பாதி மேசைகள் வெறுமையாக இருந்தன. காற்று மிகுந்திருந்ததால் படகு விடவில்லை என்றார்கள். மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு என்பது பிறகுதான் விளங்கியது. ஆகவே கீழக்கரைக்குச் செல்பவர் ஒரே நாட்காட்டியைப் பார்த்தால் போதாது. மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது கல்லூரி நாட்காட்டி. பொங்கலுக்குப் பிறகு சூடுபிடிக்கும் இரட்டைப்படை செமஸ்டரில் விளையாட்டு விழா, ஆண்டு விழா, துறைச் சங்கங்களின் கருத்தரங்குகள், கலைப் போட்டிகள் எல்லாம் பெரும்பாலும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும்தான் நடக்கும். மார்ச் இறுதியில் பாடங்களை முடிக்கும் அவசரமும், ஏப்ரலில் செய்முறைத் தேர்வும் படிப்பு விடுமுறையும் தொடங்கிவிடும். அதன்பின் விடுதிகள் காலியாகத் தொடங்கும். உறவினர் பிள்ளை யாராவது அங்கே படித்தால், ஆண்டு விழா எந்த வாரம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டால் கல்லூரியின் இணையதளத்தில் கல்வி ஆண்டு அட்டவணை கிடைக்கிறதா என்று பாருங்கள். விழா நாளில் வெளியாரை உள்ளே விடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு செல்ல வேண்டாம்; அழைப்பிதழ் இல்லாதவருக்கு விழாவின் கலகலப்பு தெருவிலும் கடைகளிலும்தான் கிடைக்கும், உண்மையில் அதுவே போதுமானது.

இரண்டாவது பிறை நாட்காட்டி. கீழக்கரை முசுலிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். நோன்பு மாதத்தில் ஊரின் இரவும் பகலும் இடம் மாறிக்கொள்ளும். பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும் அல்லது திரைக்குப் பின்னால் நடக்கும். மாலையில் நோன்புக் கஞ்சி மணக்கத் தொடங்கியதும் தெருக்கள் விழித்துக்கொண்டு நள்ளிரவு வரை ஓயாது. பிறைக் கணக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்வதால், இந்தச் சில ஆண்டுகளாக நோன்பு மாதம் நேராக மாசி, பங்குனிக்குள் வந்து விழுகிறது. 2027-இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கி மார்ச் 10-ஐ ஒட்டிப் பெருநாள் வரும். 2028-இல் பிப்ரவரி இறுதியிலேயே பெருநாள் வந்துவிடும். பிறை தென்படுவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகும். சிறு குழந்தைகளோடும் வேளைக்குச் சாப்பிட வேண்டிய முதியவர்களோடும் செல்பவர்கள் பெருநாள் கழிந்து ஒரு வாரம் விட்டுச் செல்வது நல்லது. இரவில் ஊர் சுற்ற விரும்பும் இளையவர்களோ வேண்டுமென்றே நோன்பு மாதத்தின் கடைசிப் பத்து நாளில் செல்லலாம். அந்த நாட்களில் கடைத்தெரு கொள்ளும் கோலத்தை வேறெந்த மாதத்திலும் காண முடியாது. பகலில் தெருவில் நின்று உண்பதையும் குடிப்பதையும் மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கடலின் நாட்காட்டி. பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கீழக்கரை வளைகுடாப் பக்கத்தது. ஐப்பசி முதல் வாடைக்காற்று வீசும்போது வடகடல் குமுறும், தென்கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். வைகாசி, ஆனி தொட்டுத் தென்மேற்குக் காற்றாகிய கச்சான் எழும்போது நிலைமை தலைகீழாகும். இரண்டுக்கும் இடையில் வாடை தணிந்து கச்சான் எழாத சில வாரங்களில் இரு கடலும் சேர்ந்து அடங்கியிருக்கும். தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும். படகில் சென்று பவளப்பாறை பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட ஏற்ற காலம் கிடையாது. மேலும் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. நாட்டுப்படகு மீன் வந்துகொண்டிருக்கும் என்றாலும் வகையும் அளவும் குறையும், விலை ஏறும். மீனுக்காகவே செல்பவர் ஏப்ரல் 10-க்குள் திரும்பிவிடும்படி திட்டமிட வேண்டும்.

மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், 2027-ஆம் ஆண்டுக்கு மார்ச் மூன்றாவது, நான்காவது வாரங்கள் தேறும். 2028-இல் மார்ச் முதல் வாரத்தைத் தவிர மாதம் முழுவதுமே கையில் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பொதுத்தேர்வு என்னும் நான்காவது நாட்காட்டி குறுக்கே நிற்கும். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

வார நாட்களைப் பற்றி ஒரு சொல். சனி, ஞாயிறு மட்டும் சென்றால் மாணவர் இல்லாத கல்லூரி ஊரைத்தான் பார்ப்பீர்கள். குறைந்தது ஒரு வேலை நாளாவது உங்கள் திட்டத்தில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா தொழுகையை ஒட்டிக் கடைகள் அடைபட்டிருக்கும் என்பதால் அந்த நேரத்தில் உணவகம் தேடி அலையாதீர்கள். புதன் இரவு புறப்பட்டு வியாழன் காலை சேர்ந்து சனிக்கிழமை மாலை கிளம்புவது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

செல்வதும் தங்குவதும்

கீழக்கரையில் ரயில் நிலையம் இல்லை. இராமநாதபுரத்தில் இறங்க வேண்டும். சென்னையிலிருந்து சேது விரைவு வண்டியும் இராமேசுவரம் விரைவு வண்டியும் இரவுப் பயணமாக வருகின்றன. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும் என்பதால், மார்ச் மூன்றாம் வாரப் பயணத்துக்கு ஜனவரி மூன்றாம் வாரத்திலேயே கைபேசியோடு உட்கார்ந்துவிட வேண்டும். இராமேசுவர யாத்திரிகர்களால் இந்த வண்டிகள் எப்போதும் நிரம்பியே வரும். இராமநாதபுரத்தை வண்டி அதிகாலையில் தொடும். விழிப்பு மணி வைக்காமல் உறங்கிவிட்டால் பாம்பன் பாலத்தில்தான் கண் விழிப்பீர்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலத்தைப் பார்த்த மனநிறைவோடு திரும்பி வரலாம் என்றாலும், பெட்டி படுக்கையோடு அது தேவையற்ற அலைச்சல்.

மதுரையிலிருந்து வருவோருக்குப் பேருந்தே வசதி. தூத்துக்குடிப் பக்கமிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி வழியாக வந்தால் இராமநாதபுரம் செல்லாமலே கீழக்கரையை அடையலாம். சொந்த வண்டியில் வருவோர் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். பனங்காடும் உப்பளமும் மாறி மாறி வரும் சாலை அது.

தங்குமிடத்தில்தான் சற்று யோசிக்க வேண்டும். கீழக்கரைக்குள் விடுதிகள் குறைவு. வெளிநாட்டில் வேலை செய்வோரின் ஊராகையால் வருபவர் பெரும்பாலும் உறவினர் வீட்டில்தான் தங்குவார்கள். அறை கிடைத்தால் ஊருக்குள்ளேயே ஓர் இரவாவது தங்குங்கள், ஏனெனில் வைகறைத் தொழுகை அழைப்புக்குப் பின் கடற்கரையில் மீன் இறங்குவதைப் பார்க்க வேறு வழி கிடையாது. குடும்பத்தோடு வருவோர் இராமநாதபுரத்தில் தங்கிப் பேருந்தில் வந்து போகலாம். பேருந்துகள் அடிக்கடி உண்டு, நேரமும் அதிகம் ஆகாது. எங்கே தங்கினாலும் அறையைப் பதிவு செய்யும்போது குளிக்கும் தண்ணீர் நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று கேளுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வந்தாலும் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. தலைமுடி ஒட்டிக்கொள்ளும், சோப்பு நுரைக்காது. குடிப்பதற்கு 20 லிட்டர் கேன் ஒன்றை முதல் நாளே வாங்கி அறையில் வைத்துவிடுவது சிக்கனம்.

ஊருக்குள்

காலை 6.20 அளவில் சூரியன் எழும். அதற்குள் கடற்கரைக்குச் சென்றுவிடுங்கள். குளித்து ஆடும் கடற்கரையாக இதை எண்ண வேண்டாம். இது வேலை செய்யும் கரை. வலை உதறுவதும், நண்டை வலையிலிருந்து கழற்றுவதும், ஏலமும் பேரமும் நடக்கும். சங்கு குளிப்பதில் இந்த ஊர்க்காரர்கள் பெயர் பெற்றவர்கள். வேலைக்குக் குறுக்கே நிற்காமல், படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால், அவர்களே இது ஊளி, இது பாறை, இது முரல் என்று சொல்லித் தருவார்கள்.

அங்கிருந்து பழைய தெருக்களுக்குள் நடந்தால் கடற்கரையை ஒட்டிய பழைய பள்ளிவாசலும், நடுத்தெருவின் ஜும்மா பள்ளிவாசலும் வரும். கோயில் மண்டபத்தின் கல்தூண் வேலைப்பாட்டை உருவங்கள் இல்லாமல், பூவும் கொடியும் கோலமுமாக மாற்றி அமைத்திருக்கும் இந்தக் கட்டட மரபைப் பார்க்க மட்டுமே ஒருவர் இவ்வளவு தூரம் வரலாம். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று நாம் பழமொழியாகச் சொல்லும் வள்ளல் சீதக்காதி இந்த ஊர்க்காரர். 17-ஆம் நூற்றாண்டில் கிழவன் சேதுபதியின் நண்பராகவும் உமறுப் புலவரின் புரவலராகவும் இருந்தவர்; ஊரின் முதன்மைச் சாலை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பள்ளிவாசலுக்குள் செல்ல விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து, முழு உடை அணிந்து, அங்குள்ள பெரியவரிடம் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். பெண்களுக்கு எந்தப் பகுதிவரை அனுமதி என்பதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது முறை. சந்துகள் குறுகலானவை, வீட்டு வாசல்கள் தெருவை நோக்கித் திறந்திருக்கும். அவை காட்சிப்பொருள் அல்ல என்பதால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு நடங்கள்.

பிற்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அறையில் படுத்துக்கொள்வதைவிடச் சிறந்த திட்டம் எதுவும் எனக்குத் தெரியாது. பங்குனி வெயிலோடு கடலோரப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

கல்லூரி ஊரின் பொழுது மாலை நான்கு மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. வகுப்பு முடிந்த மாணவர்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தேநீர்க் கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பழச்சாறுக் கடைகளிலும் நடக்கும் பேச்சுதான் ஊரின் உண்மையான கலை நிகழ்ச்சி. அரியர் கணக்கு, வளாக நேர்காணல், நேற்றைய கிரிக்கெட் ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் வந்து போகும். ஓரமாக ஒரு பெஞ்சில் இடம் பிடித்து, வடையும் தேநீரும் வாங்கிக்கொண்டு, பேச்சில் இழுக்கப்பட்டால் மட்டும் கலந்துகொள்ளுங்கள். கல்லூரியில் சேரப் போகும் பிள்ளையோடு வந்திருந்தால் இதைவிட நேர்மையான விசாரணைக் கூடம் கிடைக்காது; விளம்பரத் தாளில் இல்லாத விவரமெல்லாம் இங்கே கிடைக்கும். மகளிர் கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தி நிற்பதும், மாணவியரைப் படம் எடுப்பதும் கூடவே கூடாது. ஊர் சிறியது, புதிய முகம் யார் என்பது ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கடைக்காரரை அண்ணன் என்று அழைத்தால் போதும். இவ்வூரார் தங்களுக்குள் மூத்த ஆண்களைக் காக்கா என்று அழைப்பதைக் கேட்டு வெளியூர்ப் பிள்ளைகள் சிரித்துவிடாமல் முன்கூட்டியே சொல்லி அழைத்து வாருங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, இரவுப் பரோட்டாக் கடைகள் மாணவரின் பையை அறிந்தவை; அங்கே ஏமாற வழியில்லை. ஆனால் அரிசிமாவுக் கொழுக்கட்டையும் கறியும் சேர்ந்த தக்கடி, முட்டையும் தேங்காய்ப்பாலும் கலந்த வட்டிலப்பம் போன்றவை பெரும்பாலும் வீட்டு அடுப்புக்கு உரியவை. உணவகப் பலகையில் தேடிக் காணாமல் குறைப்பட்டுக்கொள்வதைவிட, தங்கும் இடத்தில் முதல் நாளே சொல்லி, சமைத்துத் தருபவர் யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரிப்பது பலன் தரும்.

சுற்றுவட்டாரம்

இந்தப் பயணத்தில் ஓர் அரை நாளை மட்டுமே வெளியே செலவிடச் சொல்வேன். மேற்கே ஏர்வாடி தர்காவைத் தாண்டினால் வரும் பிச்சைமூப்பன் வலசையில் வனத்துறை கண்ணாடித் தளப் படகில் அழைத்துச் சென்று பவளப்பாறைகளையும் கடற்புற்களையும் காட்டுகிறது. காற்று மிகுந்தால் படகு இல்லை. ஆகவே முதல் நாள் மாலையே விசாரித்துவிட்டு, காலை வேளையில் செல்லுங்கள். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உள்ளன. கரையிலிருந்து தெரியும் அப்பாத் தீவு போன்றவற்றுக்கு மீனவரிடம் பணம் கொடுத்துச் சென்றுவிடலாம் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அனுமதியின்றித் தீவில் இறங்குவது குற்றம்; வழக்கு படகுக்காரர் தலையிலும் விழும். பவளத் துண்டும் கடல் அட்டையும் அப்படித்தான். பரிசாகக் கொடுத்தாலும் வாங்கிப் பையில் போடக்கூடாது.

கோயில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இராமநாதபுரம் சாலையிலேயே திருப்புல்லாணி இருக்கிறது. 108 திவ்விய தேசங்களில் ஒன்றான இங்கே இராமர் தருப்பைப் புல்லில் பள்ளிகொண்ட கோலத்தைக் காணலாம். பங்குனியில் பெருவிழா நடக்கும். அங்கிருந்து சில கிலோமீட்டரில் சேதுக்கரைக் கடல். திருஉத்தரகோசமங்கையின் மரகத நடராசரை மார்கழித் திருவாதிரையை ஒட்டியே சந்தனக்காப்பு இல்லாமல் காண முடியும் என்பதால், பங்குனியில் செல்பவர் அதை எதிர்பார்க்காமல் பழமையான கோயிலுக்காக மட்டும் செல்லலாம். இராமேசுவரமும் தனுஷ்கோடியும் ஒரு முழு நாளை விழுங்கிவிடும். அவற்றைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தால், இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களைப் பார்க்கலாம். ஊர் எல்லையிலேயே இருக்கும் சக்கரக்கோட்டைக் கண்மாய் பறவைகள் சரணாலயம். பங்குனியில் தண்ணீர் குறைந்து பெரும்பாலான பறவைகள் கிளம்பத் தொடங்கியிருக்கும், ஆகவே பறவைக்காகவே வருபவர் தை மாதத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

வாங்கி வர வேண்டியவை மூன்று. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய், புதிதாகக் காய்ந்ததாக இந்தப் பருவத்தில்தான் கிடைக்கும். கையில் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். கருப்பட்டி சாயல்குடிப் பக்கத்தது என்றால் நல்லது. மூன்றாவது, கீழக்கரைத் தொதல். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் இந்த இனிப்பு இலங்கையிலும் இதே பெயரில் வழங்குகிறது. மலாய் மொழியில் டோடோல். மரக்கல வணிகம் வந்த வழியை நாக்கிலேயே படித்துக்கொள்ளலாம். முதல் நாளே வாங்கினால் அறையிலேயே தீர்ந்துவிடும் என்பதால் கிளம்பும் நாளில், அன்று கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கெட்டுவிடும். ஆறவிட்டு, கட்டியாகவே கட்டித் தரச் சொல்லி, வீட்டுக்கு வந்த பிறகு துண்டு போடுங்கள்.